டான்யூப் கரையில் 11 வயது மகளுடன் சைக்கிள் பயணம்: கார் வராத பகுதி எது?

ஈரோட்டுக்காரன்:

வணக்கம். மியூனிக்கில் 6 வருடமாக இருக்கிறேன். ஆகஸ்டில் மகளுக்குப் பள்ளி விடுமுறை. ஜெர்மனி எல்லையில் இருக்கிற பாஸாவிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரை டான்யூப் கரையோரமாகவே சைக்கிளில் போகலாம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள், அதிலிருந்து அவளுக்கு அதே பேச்சுதான். எனக்கும் ஆசை. நான் காலிங்கராயன் வாய்க்கால் கரையில் சைக்கிள் பழகியவன். பக்கத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க மிதிக்கிற சுகம் அவளுக்கும் கிடைக்க வேண்டும்.

ஒரே ஒரு பயம். போன வருடம் வேறொரு ஊரில், வரைபடத்தில் சைக்கிள் பாதை என்று போட்டிருந்ததை நம்பிப் போனோம். பாதை நடுவழியில் முடிந்து, நெடுஞ்சாலை ஓரத்தில் கொண்டுபோய் விட்டது. ஒரு லாரி உரசுகிற மாதிரிப் போனதும் பிள்ளை ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தபடி நின்றுவிட்டாள். விரல்களை நான்தான் பிரித்துவிட்டேன். அதற்கப்புறம் அரை மணி நேரம் சைக்கிளில் ஏறவே இல்லை.

எனக்கு ரோடு பைக், 28 மி.மீ. டயர். அவளுக்கு 24 இஞ்ச் சக்கரம், 7 கியர். ஒரு நாளைக்கு 40 கி.மீ. மிதிப்பாள். 5 நாள் இருக்கிறது. மெல்லிய டயருக்குப் பாதை ஒத்துவருமா? எந்தப் பகுதியில் நிஜமாகவே வண்டி வராது? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

லின்ஸ்வாசி:

வணக்கம் அண்ணா. அந்தப் பாதையிலேயே இருக்கிற லின்ஸ் நகரில் 9 வருடமாக இருக்கிறேன். முழுப் பாதையை மூன்று தடவை ஓட்டியிருக்கிறேன். நடுவில் ஷ்லேகன் என்ற இடத்தில் ஆறு பெரிதாக வளைகிற பகுதிக்கு மட்டும் வருடம் தவறாமல் போகிறேன்.

முதலில், 5 நாளில் வியன்னா வரை மிதிக்க வேண்டாம். மொத்தம் சுமார் 320 கி.மீ. வருகிறது. நாளுக்கு 60, 65 என்று பிள்ளையை ஓட்டினால் ஆறு அவள் கண்ணிலேயே படாது. நல்ல இரண்டு பகுதிகளை மிதியுங்கள், நடுவில் ரயில் ஏறிக்கொள்ளுங்கள்.

டயர் பற்றிக் கவலை வேண்டாம். பெரும்பாலும் நல்ல தார்ப் பாதைதான், ஏற்றமும் கிடையாது. அந்தக் காலத்தில் படகுகளைக் கயிறு கட்டி, ஆற்றுக்கு எதிர்த்திசையில் குதிரைகளை வைத்து இழுத்தார்கள். குதிரை நடந்த கரைத்தடத்துக்கு ட்ரெப்பல்வெக் என்று பெயர். பல இடங்களில் அந்தத் தடத்தின் மேல்தான் இப்போது சைக்கிள் போகிறது. ஆறு போகிற மட்டத்திலேயே பாதையும் போகும். மரநிழல் உள்ள இடங்களில் மட்டும் வேர் தாரைத் தூக்கியிருக்கும், அங்கே மெதுவாகப் போங்கள்.

இந்தப் பாதையில் எல்லாமே எந்தக் கரையில் போகிறோம் என்பதைப் பொறுத்தது. பெரும்பாலும் இரண்டு கரையிலும் வழி இருக்கும், ஆனால் ஒன்றில் பக்கத்திலேயே நெடுஞ்சாலை ஓடும், மற்றதில் குருவிச் சத்தம்தான் கேட்கும். பாஸாவிலிருந்து இடக்கரையில், அதாவது ஆறு போகிற திசையைப் பார்த்தால் இடக்கைப் பக்கம், கிளம்புங்கள். முதல் இருபது கிலோமீட்டருக்குச் சாலைச் சத்தம் கூடவே வரும், ஆனால் சைக்கிளுக்குத் தனித்தடம் உண்டு. யோகன்ஷ்டைன் அணை தாண்டியதும் அடங்கிவிடும். அப்படியே ஆவ் என்ற சிறு இடம் வரை போய், படகில் வலக்கரை ஷ்லேகனுக்குக் கடந்துவிடுங்கள். பாஸாவிலிருந்து ஏறக்குறைய 40 கி.மீ., முதல் நாளுக்குச் சரியாக இருக்கும்.

மறுநாள் ஷ்லேகனிலிருந்து ஆஷாக் வரை. நீங்கள் கேட்டது இதுதான். கெட்டியான பாறை மலைக்கு நடுவே ஆறு வந்த வழியே திரும்புகிற மாதிரி வளைகிறது. பள்ளத்தாக்கு அவ்வளவு குறுகல் என்பதால் நெடுஞ்சாலை ஷ்லேகனிலேயே ஆற்றை விட்டுவிட்டு மலைமேல் ஏறிப் போய்விடுகிறது. கீழே மிஞ்சியது பழைய கரைத்தடமும் நாலைந்து வீடுகளும்தான். அங்கே குடியிருப்பவர்களின் கார் எப்போதாவது ஒன்று வரும், அதுவும் ஊர்ந்துதான் வரும். காலை ஏழு மணிக்கு அங்கே போய்ப் பாருங்கள் அண்ணா. தண்ணீர் மேல் பனிமூட்டம் படுத்திருக்கும். நம் சைக்கிள் செயின் ஓடுகிற சத்தம் எதிர்க்கரைக் காட்டில் பட்டுத் திரும்பி வரும்.

மகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். கரையில் கிலோமீட்டர் பலகைகள் இருக்கும். டான்யூபுக்குக் கணக்கு கருங்கடல் முகத்துவாரத்திலிருந்து தொடங்குகிறது, அதனால் பாஸாவில் 2,225 பக்கம் இருக்கும் எண் போகப் போகக் குறைந்து லின்ஸில் 2,135 ஆகிவிடும். என் அண்ணன் மகன் வந்தபோது ஒவ்வொரு பலகைக்கும் கத்திக்கொண்டே வந்தான். கால் வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆஷாக்கிலிருந்து லின்ஸ் வரை இன்னொரு நாள். வழியில் ஓட்டன்ஸ்ஹைம் என்ற ஊரைத் தாண்டியபின் தனித்தடம்தான் என்றாலும் பக்கத்தில் வண்டிகள் இரைந்துகொண்டே போகும். போன வருடம் நடந்ததை வைத்து அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வியன்னா அக்கா:

தம்பி சொன்னதெல்லாம் சரி. லின்ஸிலிருந்து மெல்க் வரை ரயிலில் வந்துவிடுங்கள். சைக்கிளுக்கும் டிக்கெட் உண்டு, விரைவு ரயில் என்றால் இடத்தை முன்பதிவு செய்யுங்கள். மெல்க்கிலிருந்து கிரெம்ஸ் வரை 40 கி.மீ.க்குள்தான். அந்தப் பள்ளத்தாக்குக்குப் பெயர் வாஹாவ், 2000இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள்.

எல்லோரும் இடக்கரை அழகு என்பார்கள். அழகுதான், ஆனால் கோடையில் கூட்டமும் கார்களும் அங்கேதான். அதனால் மெல்க்கிலிருந்து வலக்கரையிலேயே ஆர்ன்ஸ்டார்ஃப் வரை வந்து, அங்கே ஷ்பிட்ஸுக்குப் படகில் கடந்துவிடுங்கள். அந்தப் படகு ஓட எஞ்சின் வேண்டாம். ஆற்றின் குறுக்கே மேலே ஒரு இரும்புக் கம்பி, அதில் படகைப் பிணைத்திருப்பார்கள். படகைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் போதும், நீரோட்டமே தள்ளி அக்கரையில் சேர்த்துவிடும். என் அம்மா ஊரிலிருந்து வந்தபோது சத்தமே இல்லாமல் கரை நகர்வதைப் பார்த்துவிட்டு, திரும்பவும் ஒரு தடவை போய்வரலாமா என்று கேட்டார். போய்வந்தோம்.

ஷ்பிட்ஸிலிருந்து டியூர்ன்ஷ்டைன் வரை திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே சின்னச் சின்ன வழிகள். மேலே இடிந்த கோட்டை தெரியும், சிலுவைப் போரிலிருந்து திரும்பிய இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டைச் சிறை வைத்த இடம். ஆகஸ்டில் ஆப்ரிகாட் மரத்தில் இருக்காது, ஜூலையோடு முடிந்துவிடும். ஆனாலும் மாரில்லன் க்னேடல் கேளுங்கள். முழு ஆப்ரிகாட் பழத்தை மாவுக்குள் வைத்து வேகவிட்டு, வெண்ணெயில் வறுத்த ரொட்டித்தூளில் புரட்டித் தருவார்கள். கொழுக்கட்டை தின்று வளர்ந்த பிள்ளைக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஈரோட்டுக்காரன்:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. பாஸாவ், ஷ்லேகன், ஆஷாக், லின்ஸ், அப்புறம் ரயில், வாஹாவ் என்று முடிவு செய்துவிட்டோம். பலகை எண்களை எழுத மகள் இப்போதே நோட்டு எடுத்துவிட்டாள். ஆவ் படகுக்கு முன்பதிவு உண்டா?

லின்ஸ்வாசி:

தேவையில்லை அண்ணா. கரையில் போய் நின்றாலே போதும். ஆனால் நேரத்தில் கவனமாக இருங்கள். ஒரு அக்டோபர் மாலை நான் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன், கடைசிப் படகு போய்விட்டது. ஆவுக்கு அப்பால் அந்தக் கரையில் சைக்கிள் போக வழியே கிடையாது. எதிரே ஷ்லேகனில் விளக்கு எரிவது தெரிகிறது, கூப்பிட்டால் கேட்கிற தூரம், போக முடியவில்லை. இருட்டில் நீடர்ரானா பாலம் வரை திரும்பி மிதித்துப் போய்ச் சுற்றி வந்தேன். நீங்கள் மதியம் 3 மணிக்குள் ஆவ் வந்துவிடுகிற மாதிரிக் கிளம்புங்கள்.

இன்னொன்று, கிளம்புவதற்கு முந்தைய நாள் ஆற்று நீர்மட்டத்தைப் பாருங்கள். மேலே நல்ல மழை பெய்தால் கரைத்தடம் முழுகும், படகும் நிற்கும். கரையோர வீடுகளில் வெள்ளம் வந்த உயரத்தைக் கோடு போட்டு வருடம் எழுதியிருப்பார்கள். 2013இன் கோடு பல வீடுகளில் என் தலைக்கு மேலே இருக்கிறது. நீர் ஏறியிருந்தால் இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள். லின்ஸ் வந்ததும் சொல்லுங்கள், சாம்பார் வைத்துவிடுகிறேன்.