மாத்திரை எடுத்தும் ஃபெரிட்டின் ஏறவில்லை, வழி சொல்லுங்கள்

அக்காவுக்கு வயது 34. ஹீமோகுளோபின் 12.1 இருப்பதால் முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஆனால் ஃபெரிட்டின் (உடலில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் அளவு) 8 தான். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, சீப்பில் கொத்துக் கொத்தாக முடி, அப்புறம் ஐஸ் கட்டியை நறநறவென்று கடித்துத் தின்றுகொண்டே இருக்கிறாள், பார்க்கவே பயமாக இருக்கிறது.

அரை வருஷமாக இரும்புச்சத்து மாத்திரை, வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாறோடு. டீ, காபி, கால்சியம் மாத்திரை எல்லாம் இரண்டு மணி நேரம் தள்ளித்தான். வயிறு எரிந்ததால் டாக்டர் சொல்லி ஒரு நாள் விட்டு ஒரு நாளும் எடுத்துப் பார்த்தாயிற்று. ஃபெரிட்டின் 11-ஐத் தாண்டவில்லை. பி12, தைராய்டு சரி. மாதவிடாய் ரத்தப்போக்கும் அதிகமில்லை.

குடல் உறிஞ்சவில்லையோ என்றுதான் சந்தேகம். செலியாக் (கோதுமையில் உள்ள குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் நோய்), எச். பைலோரி (இரைப்பையில் தங்கும் பாக்டீரியா) பரிசோதனை இன்னும் செய்யவில்லை. இதே நிலையில் இருந்தவர்கள், இந்த இரண்டையும் பார்த்துவிட்டு நரம்பு வழியாக இரும்பு ஏற்றினீர்களா, நேராகவே ஏற்றினீர்களா?