போர்வெல் தண்ணீரில் ஃப்ளூரைடு: பல் எனாமலுக்கு எந்த வயதுவரை ஆபத்து?

ரஸ்டன்பர்க்வாசி:
தென்னாப்பிரிக்காவின் பிலானெஸ்பர்க் பக்கத்துப் போர்வெல் தண்ணீரைச் சோதித்ததில் ஃப்ளூரைடு லிட்டருக்கு 3 மில்லிகிராம். வீட்டில் 1 வயதுக் குழந்தை, 10 வயதுப் பையன். கொதிக்க வைத்துக் கொடுத்தால் போதுமா? "எனாமலை வளர்க்கும்" என்று விற்கிற பேஸ்ட் உதவுமா?

பல்திசு:
கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃப்ளூரைடு போகாது. நீர் ஆவியாக ஆகச் செறிவு கூடத்தான் செய்யும்.

எனாமலைக் கட்டுவது அமெலோபிளாஸ்ட் என்ற செல்கள். பல் ஈறுக்குள் இருக்கும்போதே வேலை நடந்துவிடும். முதல் கட்டத்தில் பெரும்பாலும் அமெலோஜெனின் என்ற புரதத்தைச் சுரந்து, நாளைக்கு ஏறக்குறைய 4 மைக்ரோமீட்டர் வீதம் அடுக்கும். முழுத் தடிமன் வந்ததும் அதே செல்கள் வேலையை மாற்றிக்கொள்ளும்: நொதிகள் நறுக்கிய புரதத்தை அகற்றி, கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் உள்ளே ஏற்றும். முடிவில் எடையில் 96 சதவீதம் கனிமம்தான். ஃப்ளூரைடு மிகுந்தால் இடறுவது பெரும்பாலும் இந்த இரண்டாம் கட்டம். புரதம் வெளியேறத் தாமதமாகி, மேற்பரப்புக்குக் கீழே நுண்துளைகள் தங்கிவிடும். வெள்ளைக் கோடாகத் தெரிவது அதுதான். பழுப்பு நிறம் பிறகு ஏறும் கறை.

மேல் நடு முன்பற்களுக்கு 15 முதல் 30 மாதம்வரை மிக மோசமான காலம். ஆகவே சின்னக் குழந்தைக்கு இப்போதே தண்ணீரை மாற்றுங்கள். பெரியவனுக்குக் கடைவாய் ஞானப்பல் தவிர மற்ற எனாமல் கட்டி முடிந்திருக்கும். இனிப் புதிதாகத் திட்டு விழாது.

பேஸ்ட் விளம்பரத்தை நம்ப வேண்டாம். பல் முளைக்கும்போதே அந்தச் செல்கள் அழிந்துவிடுகின்றன. பேஸ்ட் செய்வது கனிமத்தை ஓரளவு திரும்பப் படியவைப்பது மட்டுமே.

நீர்வடிகட்டி:
ஜக் வடிகட்டியில் வரும் சாதாரணக் கரி ஃப்ளூரைடைப் பிடிக்காது. ஆர்.ஓ., எலும்புக்கரி, ஆக்டிவேட்டட் அலுமினா மூன்றும் பிடிக்கும். நீரில் காரத்தன்மை கூடினால் அலுமினாவின் திறன் குறையும், நீரின் பி.எச். (அமில-கார அளவு) பார்த்து வாங்குங்கள். பொருத்திய பிறகும் நீரைச் சோதியுங்கள். உலக சுகாதார நிறுவன வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். பால்மாவு கரைக்கும் நீர்தான் முதலில் மாற வேண்டியது. குளிக்க, துவைக்கப் பழைய தண்ணீரே போதும்.

ரஸ்டன்பர்க்வாசி:
நன்றி. பெரியவனுக்கு ஒரு கடைவாய்ப்பல்லில் மட்டும் மஞ்சள் திட்டு, கூச்சமும் இருக்கிறது. இதுவும் ஃப்ளூரைடா?

பல்திசு:
ஃப்ளூரைடுத் திட்டு இருபுறமும் ஒத்த பற்களில், எல்லை தெளிவில்லாமல் பரவும். ஒரு பல்லில் மட்டும் விளிம்பு தெளிவாக, கூச்சத்தோடு இருந்தால் அது வேறு வகைக் கனிமக் குறைபாடாக இருக்கலாம். அந்த எனாமல் மெல்லும்போதே உதிரலாம், சீக்கிரம் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.