மின்பாடநூலுக்குள் தேடல்: ‘மஞ்சள்’ அகப்படாத கதை

ஈரோட்டுப் பக்கம் ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து எழுதிய வேளாண் பாடநூல் இணையத்தில் ஏறியபோது, அதற்குள்ளேயே இயங்கும் தேடல் வசதியை அமைக்கும் வேலை என்னிடம் வந்தது. இதே வேலையில் இறங்கவிருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

தேடல் பெட்டியை வைப்பது எளிது. உரையைத் தேடத்தக்கதாக ஆக்குவதுதான் பெரும்பாடு. சில பாடங்கள் பழைய எழுத்துருவில் தட்டச்சாகியிருந்ததால், திரையில் தமிழாகத் தெரிந்தவை கணினிக்கு ஆங்கில எழுத்துக் குவியலாகவே இருந்தன. அவற்றை ஒருங்குறிக்கு (யூனிகோடு, எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுக் குறியீட்டு முறை) மாற்றிய பின்னும் சிக்கல் தீரவில்லை. ‘பௌதிக’ என்று எழுதுகையில் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பையும் ளகரத்தையும் சிலர் தட்டியிருந்தார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே என்றாலும் தேடலுக்கு அவை வெவ்வேறு சொற்கள். ஒரே எழுத்தின் வெவ்வேறு சேமிப்பு வடிவங்களை ஒன்றாக்கும் ஒருங்குறியின் இயல்பாக்க முறை, ஒகர, ஓகாரக் குறிகள் இருவிதமாகச் சேமிக்கப்படுவதைச் சரிசெய்யுமே தவிர, இந்த ளகரக் குழப்பத்தைத் தொடாது. அதற்குத் தனியாக நிரல் எழுத வேண்டியிருந்தது.

மஞ்சள் சந்தைக்குப் பெயர்போன ஊரின் நூலில் ‘மஞ்சள்’ என்று தேடினால் ‘மஞ்சளை’, ‘மஞ்சளுக்கு’ வரும் பத்திகள் அகப்படவில்லை. சொல்லின் இறுதியிலுள்ள புள்ளி தனிக் குறியாகச் சேமிக்கப்படுகிறது. வேற்றுமை உருபு சேரும்போது அந்த இடத்தில் உயிர்க்குறி வந்துவிடுகிறது. இறுதிப் புள்ளியை நீக்கிவிட்டு, சொல்லின் முற்பகுதி பொருந்துகிறதா என்று பார்த்தால் இது தீரும். ஆனால் அதே உத்தியில் ‘வேர்’ தேடிய மாணவருக்கு வேர்க்கடலைச் சாகுபடி முழுவதும் வந்து குவிந்தது! ‘மரம்’ ‘மரத்தை’ ஆவதையும், ‘ஆறு’ ‘ஆற்றில்’ ஆவதையும் இந்த உத்தி பிடிக்காது. ஸ்னோபால் என்ற நிரல் தொகுப்பில் தமிழுக்கென அடிச்சொல் பிரிப்பான் (விகுதிகளை நீக்கி அடிச்சொல்லைத் தரும் நிரல்) இருக்கிறது, அதைச் சேர்த்தோம். எனினும் எங்களுக்கு அதைவிடக் கைகொடுத்தது, ஆசிரியர்களே நூலின் இறுதிக்கெனத் தொகுத்திருந்த கலைச்சொல் அட்டவணைதான். அதிலுள்ள சொற்களுக்கும் தலைப்புகளுக்கும் கூடுதல் மதிப்பளித்தவுடன் வேர்க்கடலை கீழே இறங்கிவிட்டது.

ஆங்கிலத்தை மட்டும் எண்ணி எழுதப்பட்ட நிரல்கள் உயிர்க்குறியையும் புள்ளியையும் எழுத்தாகக் கருதாமல் சொல்லைத் துண்டாக்கிவிடும் என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள். கிடைத்த சொல்லை வண்ணமிட்டுக் காட்டும்போதும் முழுச் சொல்லுக்கே வண்ணமிடுவது நல்லது. ‘மஞ்சள’ வரை நிறுத்தினால், எஞ்சிய குறி புள்ளிவட்டத்தோடு தனித்து நிற்கக்கூடும்.

எந்தச் சொல் எங்கே வருகிறது என்று காட்டும் சொல்லடைவு நூலுடனேயே தரவிறங்கி உலாவியில் இயங்குமாறு செய்தோம். தாளவாடி மலைப்பகுதி போன்ற இடங்களில் இணைப்பு விட்டுவிட்டு வருவதால், ஒவ்வொரு தேடலுக்கும் சேவையகத்தை நம்பியிருப்பது சரிவராது என்பது என் கருத்து.

விடை கிடைக்காத தேடல்களை மட்டும், தேடியவர் யாரென்று பதியாமல் சேர்த்து வைக்கிறோம். ‘சிறுகுறிப்பு வரைக’ என்று வினாத்தாளையே அப்படியே தட்டுகிறவர்கள் உண்டு; அத்தகைய ஏவல் சொற்களை இப்போது தேடலிலிருந்து நீக்கிவிடுகிறோம். ஆங்கில எழுத்துகளில் தமிழைத் தட்டுகிறவர்கள் அவர்களினும் மிகுதி. ழகரத்துக்கு ஒவ்வொருவரும் ஒவ்வோர் எழுத்தைக் கையாளுவதால், அவர்களுக்கான இணைச்சொல் பட்டியல் இன்னும் நீண்டுகொண்டே இருக்கிறது.