மறு: ரேகை ‘மேம்படுத்தல்’ வேண்டாம், ‘துலக்கல்’ என்போமா?

வணக்கம். நனைந்த பொருள்களில் கண்ணுக்குத் தெரியாத விரல்ரேகையை வெளிக்கொணர்வது (‘டெவலப்மென்ட்’) பற்றிய கட்டுரைக்கான தமிழ்ச் சொற்கள் குறித்து இது.

> டெவலப்மென்ட் என்றால் மேம்பாடுதானே? ‘ரேகை மேம்படுத்தல்’ என்றே இருக்கட்டும்.

மேம்பாடு வேண்டாம் ஐயா. இங்கே எதுவும் மேம்படவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் கிடந்தது தெரியவருகிறது, அவ்வளவுதான். பிலிம் காலத்தில் இதைக் ‘கழுவுவது’ என்றோம். ஆனால் தண்ணீரில் கிடந்த தம்ளரைப் பற்றிய கட்டுரையில் ‘ரேகையைக் கழுவினர்’ என்று எழுதினால் தடயத்தை அழித்ததாக அர்த்தமாகிவிடும்!

என் பரிந்துரை ‘துலக்கல்’. துப்புத் துலக்குவது நமக்குப் பழகிய பேச்சுதான். துலக்கப் பயன்படும் பொருள் எதுவானாலும் ‘துலக்கி’.

‘ரீஏஜென்ட்’டுக்கு நாம் எழுதும் ‘வினைப்பொருள்’ என்ற சொல் ஈரப் பொருள்களில் இடறுகிறது, அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். விரல் பதித்துவிட்டுப் போவதில் வியர்வையின் உப்பும் அமினோ அமிலமும் உண்டு, தோலின் எண்ணெய்ப்பசையும் உண்டு. தண்ணீர் பட்டால் உப்பும் அமிலமும் கரைந்துவிடும். ரேகை எடுக்கப் பயன்படும் நின்ஹைட்ரின் என்ற வேதிப்பொருள் அமினோ அமிலத்தோடு வினைபுரிந்துதான் ஊதா நிறம் தரும். நனைந்த காகிதத்தில் அதற்கு வேலையில்லாமல் போவது இதனால்தான். எண்ணெய்ப்பசை அப்படிச் சுலபத்தில் போகாது. மூக்கோரம் தடவிய விரலைக் கண்ணாடியில் அழுத்தி, குழாயில் காட்டி, காயவிட்டு, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வரிகள் பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

அந்தப் பசையைக் குறிவைத்து மாலிப்டினம் டைசல்ஃபைடு தூளைச் சலவைப்பொருள் சேர்த்த நீரில் கலக்கித் தெளிக்கிறார்கள். கருஞ்சாம்பல் துகள்கள் வரிகளில் ஒட்டிக்கொள்ளும். மிச்சத்தை நீரால் மெல்ல அலசிவிடுவார்கள். பொருளைக் காயவைக்கக்கூட வேண்டியதில்லை. இதில் நடப்பது ஒட்டல்தான், வேதிவினை அல்ல. அப்புறம் எப்படி அது ‘நுண்துகள் வினைப்பொருள்’ (ஸ்மால் பார்ட்டிகிள் ரீஏஜென்ட்) ஆகும்? ‘துகள் துலக்கி’ போதும். நனைந்த காகிதத்தில் எண்ணெய்ப்பசைமேல் வெள்ளியைப் படியவைப்பது ‘வெள்ளித் துலக்கி’.

> பாத்திரம் துலக்குவதும் துலக்கல்தானே? ‘துலக்கிய பாத்திரத்தில் ரேகை துலக்கல்’ என்றால் சிரிப்பார்களே!

சிரிக்கட்டும் அம்மா. துலக்குவது எதை என்று பார்த்தாலே பொருள் புரிந்துவிடும். குழப்பம் வேண்டாமென்றால் ‘தேய்த்த பாத்திரம்’ என்று எழுதிவிடலாம். ஆனால் சோப்புப் போட்டு அழுத்தித் தேய்த்திருந்தால் எண்ணெய்ப்பசையும் கிளம்பிப் போயிருக்கும்; அங்கே எந்தத் துலக்கியும் பெரிதாகக் கைகொடுக்காது. தண்ணீரில் கிடந்த பொருளும் சோப்புப் போட்ட பொருளும் ஒன்றல்ல. ஆகவே கட்டுரையில் ‘நனைந்த’, ‘கழுவிய’ இரண்டையும் கலக்காதீர்கள்.

கண்ணுக்குத் தெரியாத ரேகையைச் சொல்லும் ‘லேட்டன்ட்’டுக்கு உள்ளுறை வெப்பம் மாதிரி ‘உள்ளுறை ரேகை’ என்றார் ஒருவர். ரேகை பொருளின் உள்ளே இல்லையே, மேலேதானே கிடக்கிறது? எனக்கு ‘மறைரேகை’ சரியாகப் படுகிறது.

சயனோஅக்ரிலேட் (‘சூப்பர் க்ளூ’ ஒட்டுப்பசை) ஆவியைப் படியவிட்டு ரேகையைத் துலக்கும் புகையூட்டலுக்குத்தான் இன்னும் சொல் அகப்படவில்லை. நனைந்த பொருளை உலர்த்திய பிறகுதான் அதைச் செய்வார்கள். ‘பசையாவித் துலக்கல்’ என்று வைத்திருக்கிறேன், நாக்கில் புரளவில்லை. யாருக்காவது நல்லதாக ஏதும் தோன்றுகிறதா?