கல்லூரியில் எம்.எஸ்.பி.இ. தர மறுக்கிறார்கள், மார்க்‌ஷீட்டில் அரியரும் இருக்கிறது: என்ன செய்யலாம்?

பொருநை:
எல்லோருக்கும் வணக்கம். தமிழ்நாட்டில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் 2017-ல் சேர்ந்து எம்.பி.பி.எஸ். முடித்தேன். அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வான யு.எஸ்.எம்.எல்.இ.யில் ஸ்டெப் 1, ஸ்டெப் 2 சி.கே. இரண்டும் பாஸ். வரும் செப்டம்பரில் அமெரிக்காவில் இன்டர்னல் மெடிசின் ரெசிடென்சிக்கு (மேற்பயிற்சிக்கு) ஈராஸ் என்ற ஆன்லைன் விண்ணப்பச் சேவை வழியாக விண்ணப்பிக்கிறேன். மூன்று இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

கல்லூரி ஆபீஸில் எம்.எஸ்.பி.இ. (மாணவர் எப்படிப் படித்தார் என்று கல்லூரி எழுதும் மதிப்பீட்டுக் கடிதம்) கேட்டால், "அப்படி ஒரு லெட்டர் நாங்கள் கொடுப்பதில்லை, கான்டக்ட் சர்டிஃபிகேட் தருகிறோம்" என்கிறார்கள். அதில் இரண்டே வரிதான்: இன்னார் இங்கே படித்தார், நடத்தை நன்று.

அடுத்தது மார்க். மொத்தம் 61 சதவீதம். இரண்டாம் வருடம் ஃபார்மகாலஜியில் அரியர் வைத்து, அடுத்த தேர்விலேயே முடித்துவிட்டேன்.

மூன்றாவது, வெளிநாட்டில் படித்த டாக்டர்களுக்கு அமெரிக்காவில் தேவைப்படும் ஈ.சி.எஃப்.எம்.ஜி. சான்றிதழுக்காக என் டிரான்ஸ்கிரிப்ட்டைக் கல்லூரி ஏற்கெனவே சரிபார்த்து அனுப்பிவிட்டது. அதுவே ஈராஸுக்கும் தானாகப் போய்விடுமா?

வடகரை:
கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் தம்பி. போகாது. சான்றிதழுக்கான சரிபார்ப்பு ஒரு வேலை, ஈராஸ் விண்ணப்பம் வேறொரு வேலை. அங்கே கொடுத்ததை எடுத்து இங்கே சேர்க்க மாட்டார்கள். ஈராஸுக்கென்று டிரான்ஸ்கிரிப்ட்டைத் தனியாக ஏற்ற வேண்டும், எம்.எஸ்.பி.இ.யும் அப்படித்தான். ஸ்டெப் மதிப்பெண்கள் வருகிற யு.எஸ்.எம்.எல்.இ. டிரான்ஸ்கிரிப்ட் மூன்றாவது சமாச்சாரம், அதையும் இதையும் குழப்பிக்கொள்ளாதே. பேராசிரியர்கள் எழுதும் பரிந்துரைக் கடிதங்களும் தனி. ஒரு ரெசிடென்சி ப்ரோகிராமுக்கு நான்கு வரை ஒதுக்கலாம், எம்.எஸ்.பி.இ. அந்தக் கணக்கில் வராது.

ஆபீஸ் விஷயத்தில், கிளார்க்கிடம் பேசிப் பயனில்லை. அவருக்குத் தெரிந்த படிவத்தைத்தான் அவர் தர முடியும். வைஸ் பிரின்சிபாலை நேரில் பார். உன் சீனியர் யாராவது இதற்கு முன் வாங்கியிருந்தால் அந்தக் கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டு போ. முன்மாதிரி கையில் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

மருதம்:
நான் இங்கே அமெரிக்காவில் ஒரு ரெசிடென்சி ப்ரோகிராமில் ஃபேகல்டி. வருடா வருடம் விண்ணப்பங்கள் படிக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எம்.எஸ்.பி.இ. என்றால் புகழ்ந்து எழுதும் சிபாரிசுக் கடிதம் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். பழைய பெயர் 'டீன்ஸ் லெட்டர்' என்பதால் வந்த நினைப்பு. 2002-ல்தான் இப்போதைய பெயர் வந்தது. இது ஒரு மாணவர் அந்தக் கல்லூரியில் எப்படிப் படித்து முடித்தார் என்று கல்லூரி சொல்லும் மதிப்பீடு. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏ.ஏ.எம்.சி.யின் பணிக்குழு கடைசியாகத் திருத்திக் கொடுத்த வடிவத்தில் ஆறு பகுதிகள் உண்டு: அடையாள விவரம், குறிப்பிடத்தக்க இயல்புகள், படிப்பு வரலாறு, படிப்பில் முன்னேற்றம், சுருக்கம், கல்லூரி பற்றிய தகவல். மொத்தம் ஏழு பக்கம் தாண்டக் கூடாது. இயல்புகள் மூன்று போதும், ஒவ்வொன்றும் இரண்டு வாக்கியத்துக்குள். உங்கள் கல்லூரி இதை அச்சு அசலாகப் பின்பற்ற வேண்டியதில்லை, ஆனால் இந்த வரிசையில் இருந்தால் படிப்பவருக்குத் தேடும் வேலை மிச்சம்.

உங்கள் 61 சதவீதத்துக்கு வருகிறேன். இந்த ஊர் வழக்கில் 60-க்குக் கீழே என்றால் பொதுவாக ஃபெயில். நம் எம்.பி.பி.எஸ்.ஸில் 50 பாஸ், 75 எடுத்தால் டிஸ்டிங்ஷன், அதை எட்டுகிறவர்கள் ஒரு பேட்சில் கொஞ்சம் பேர்தான். வெறும் மார்க்‌ஷீட்டை மட்டும் பார்க்கும் அமெரிக்கருக்கு இது எப்படித் தெரியும்? அதைச் சொல்லும் இடம்தான் எம்.எஸ்.பி.இ.யின் கடைசிப் பகுதி. பாஸ் மார்க் எவ்வளவு, டிஸ்டிங்ஷன் எவ்வளவு, தேர்வை நடத்துவது கல்லூரி அல்ல, தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம், தியரி, வைவா, பிராக்டிகல் எல்லாவற்றிலும் தேற வேண்டும், நாலரை வருடப் படிப்புக்குப் பிறகு ஒரு வருட சி.ஆர்.ஆர்.ஐ. (கட்டாயப் பயிற்சி) உண்டு: இவ்வளவும் அரைப் பக்கத்தில் அடங்கிவிடும். உங்கள் பேட்சில் நீங்கள் எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று கல்லூரியால் சொல்ல முடிந்தால் இன்னும் நல்லது. புகழ்ச்சி நான்கு பக்கம் இருந்து இந்த அரைப் பக்கம் இல்லாத கடிதங்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். நல்ல பிள்ளைகளின் மார்க் தப்பாகப் படிக்கப்படுகிறது.

பொருநை:
ரொம்ப நன்றி மேடம். வைஸ் பிரின்சிபால் சாரைப் பார்த்தேன். "விவரம் எல்லாம் எழுதிக் கொண்டு வா, பார்க்கலாம்" என்றார். நானே எழுதிக் கொடுக்கலாமா? அரியரை விட்டுவிடச் சொல்லிக் கேட்கலாமா?

கொன்றை:
விட்டுவிடு நண்பா. என் கடிதத்தில் அப்படித்தான், யாரும் கேட்கவில்லை, மேட்ச் ஆகி ரெசிடென்சி இடமும் கிடைத்துவிட்டது.

மருதம்:
கொன்றை, உங்களுக்கு நடந்தது நல்லபடி நடந்தது, சந்தோஷம். ஆனால் இவரை அந்த வழியில் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. எந்த மாதம் எழுதித் தேறினார் என்று மார்க்‌ஷீட்டிலேயே இருக்கும். ஃபார்மகாலஜிக்கு மட்டும் ஆறு மாதம் தள்ளித் தேதி நிற்பதைக் கவனிப்பவர்கள் உண்டு. கடிதம் அதைச் சொல்லாமல் இருந்தால், ஒரு பேப்பரில் தவறியதை விட மறைத்ததுதான் பெரிதாகத் தெரியும். விண்ணப்பத்தில் முரண்பாடு இருந்தால் விசாரிக்க ஏ.ஏ.எம்.சி.க்கு முறையும் உண்டு. ஸ்டெப் 1-க்கு 2022 ஜனவரியிலிருந்து மதிப்பெண் இல்லை, பாஸ் அல்லது ஃபெயில்தான். அதனால் படிப்பு வரலாற்றை முன்பைவிடக் கூர்ந்து பார்க்கிறோம்.

கடிதத்தில் ஒரே வரி போதும்: "ஃபார்மகாலஜியில் முதல் முறை தேறவில்லை, அடுத்த தேர்விலேயே தேறினார், பேட்சை விட்டுப் பின்தங்கவில்லை." அதற்குமேல் காரணம் விளக்க வேண்டாம். ஈராஸ் படிவத்தில் படிப்பு தடைப்பட்டதா, நீண்டதா என்று கேட்கும் இடத்தில் நீங்கள் தரும் பதிலும் இதோடு ஒத்துப்போக வேண்டும்.

நீங்களே எழுதுவதைப் பற்றி: தகவல் தாள் கொடுங்கள், கடிதம் கொடுக்காதீர்கள். போஸ்டிங் தேதிகள், மார்க், தேர்வு மாதங்கள், செய்த ஆராய்ச்சி, முகாம் வேலை எல்லாம் தாளில் இருக்கட்டும். மதிப்பீட்டு வாக்கியங்கள் உங்களோடு வேலை செய்த ஹெச்.ஓ.டி.க்களிடமிருந்து வரட்டும். கையெழுத்துப் போடுபவர் படித்துவிட்டுப் போட வேண்டும்.

வடகரை:
இன்னொன்று, நம்மூர்க்காரர்களுக்கென்றே இருக்கும் தொல்லை. மார்க்‌ஷீட்டில் "அருண் கே." என்று இனிஷியலோடு இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப்பெயராக உட்கார்ந்திருக்கும். ஈ.சி.எஃப்.எம்.ஜி. பதிவில் எந்தப் பெயரோ அதுவே எம்.எஸ்.பி.இ.யில் இருக்கட்டும். கல்லூரிப் பதிவேட்டில் உள்ள பெயரை "இன்னாராகப் பதிவானவர்" என்று பக்கத்திலேயே குறிக்கச் சொல். உன் ஏ.ஏ.எம்.சி. எண்ணையும் கடிதத்தில் போடச் சொல்.

பொருநை:
சார் ஒப்புக்கொண்டார்! மெடிசின், சர்ஜரி, ஓ.ஜி. (மகப்பேறு), பீடியாட்ரிக்ஸ் நான்கு துறையிலும் இரண்டிரண்டு வரி வாங்கித் தரச் சொன்னார். மார்க் விளக்கத்தை அவரே எழுதுகிறாராம். அரியர் வரியும் இருக்கும். நான்கு மார்க்‌ஷீட்டையும் சேர்த்து ஒரே பி.டி.எஃப். ஆக்கலாமா? எப்போதைக்குள் ஏற்ற வேண்டும்?

வடகரை:
ஒரே கோப்பாக, வருட வரிசையில், எல்லாப் பக்கமும் நேராக இருக்கும்படி வை. பின்பக்கத்தில் மதிப்பெண் விளக்கம் அச்சிட்டிருந்தால் அதையும் ஸ்கேன் செய். கல்லூரியிலிருந்து கன்சாலிடேட்டட் மார்க் ஸ்டேட்மென்ட் கிடைத்தால் இன்னும் நல்லது. ப்ரோகிராம்கள் விண்ணப்பங்களைப் பார்க்கத் தொடங்குவது செப்டம்பர் கடைசியில். 2024-ல் அது 25-ம் தேதி, எம்.எஸ்.பி.இ.யும் அன்றுதான் அவர்கள் பார்வைக்குத் திறந்தது. நீ ஏற்றியதைச் சரிபார்த்துச் சேர்க்க நாட்கள் பிடிக்கும், அதனால் ஆகஸ்டிலேயே முடித்துவிடு. டீன் லீவில் போவதற்குள் கையெழுத்தை வாங்கு.

பொருநை:
சரி அண்ணா. நாளைக்குக் காலை மெடிசின் ஹெச்.ஓ.டி.யைப் பார்க்கிறேன்.