மறு: 'டிரபெகுலா'வுக்கு 'நுண்தூண்' பொருந்தாது

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

'டிரபெகுலா' என்ற உடற்கூற்றியல் சொல்லுக்கு 'நுண்தூண்' என்று சென்ற வாரம் இங்கே ஏறத்தாழ முடிவாகிவிட்ட நிலையில் நான் குறுக்கே வருவதைப் பொறுத்தருள வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்தின் கல்குளம் வட்டத்தில் மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் கற்பிக்கிறேன். அந்தச் சொல்லை வகுப்பில் பயன்படுத்திப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

மாட்டுத் தொடையெலும்பின் மேல்முனையை இறைச்சிக்கடையில் நெடுக்காக அறுத்து வாங்கி, சோப்புத்தூள் கலந்த நீரில் வேகவைத்துக் கழுவி உலர்த்தினால், வெளியே தந்தம் போல இறுகிய ஓடும், உள்ளே கண்ணறை கண்ணறையாகப் பின்னிக் கிடக்கும் மெல்லிய எலும்பும் தெரியும். அந்தப் பின்னலின் ஒவ்வோர் உறுப்பும் ஒரு டிரபெகுலா. மனித எலும்பில் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான். உருப்பெருக்குக் கண்ணாடியை வாங்கிப் பார்த்த மாணவி ஒருத்தி, "சார், தூணுன்னா நேரா நிக்கும்லா? இது எல்லாம் சரிஞ்சுல்லா கெடக்கு?" என்றாள். என்னிடம் விடை இல்லை.

அவள் தொட்டது வெறும் தோற்றக் குறையை அன்று. மனிதத் தொடையெலும்பின் கழுத்துப் பகுதியில் இரண்டு கற்றைகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. பந்துபோன்ற தலையிலிருந்து உள்விளிம்பை நோக்கி இறங்கும் கற்றை உடலின் பாரத்தால் அமுங்குகிறது. வெளிவிளிம்பிலிருந்து வில்லாக வளைந்து தலைக்கு வரும் கற்றை இழுபடுகிறது. சூரிச் நகரில் உடற்கூற்றறிஞர் மேயர் வரைந்திருந்த இந்தக் கோடுகளைக் கண்ட பொறியியல் பேராசிரியர் கூல்மான், பளுதூக்கும் கிரேனின் வளைந்த கையில் விசை செல்லும் கோடுகளோடு இவை ஒத்திருப்பதை உணர்ந்தார். சுமை மாறினால் இந்த அமைப்பும் மாறும் என்று 1892இல் ஜெர்மன் அறுவை மருத்துவர் வுல்ஃப் எழுதினார். ஆகவே நமக்கு வேண்டிய சொல் அமுக்கத்தையும் இழுப்பையும் ஒருசேரத் தாங்க வேண்டும். தூண் அமுங்கத்தான் செய்யும். 'இழுவைத் தூண்' என்று எழுதினால் எந்தக் கொத்தனாரும் சிரிப்பார். எலும்பு மருத்துவர்களுக்கோ இந்த அமுக்க, இழுவைக் கற்றைகளின் இணை இன்றியமையாதது. ஊடுகதிர்ப் படத்தில் இக்கற்றைகள் எந்த அளவுக்கு மறைந்திருக்கின்றன என்பதைப் பார்த்து எலும்புத் தேய்வை ஆறு படிகளாகப் பிரிக்கும் சிங் அளவுகோல் 1970 முதல் இருக்கிறது.

லத்தீன மூலத்துக்குச் 'சிறிய உத்திரம்' என்றே பொருள். அதனால் நண்பர் ஒருவர் 'சிற்றுத்திரம்' என்றார். ஆனால் உத்திரம் படுக்கையாகத்தான் கிடக்கும். எங்கள் பக்கத்து ஓட்டுவீடுகளில் உத்திரத்தின் மேல் சாய்வாக ஏறி மோட்டில் கூடுவது கழுக்கோல். கழுக்கோல்களைத் துளைத்து ஊடாகச் சென்று அவற்றைப் பிணைப்பது வளை. எங்கள் பழைய வீட்டைப் பிரித்தபோது, வளையை உருவாமல் கழுக்கோலில் கை வைக்க ஆசாரி விடவில்லை. வளையை உருவிய பின் கூரைக்குக் கீழே யாரையும் நிற்கவும் விடவில்லை. முதுகெலும்பிலும் இதே கதைதான். தேய்வு வரும்போது குறுக்கே ஓடும் உறுப்புகளே முதலில் அறுகின்றன. நெட்டாக நிற்பவை பெரும்பாலும் எஞ்சியிருந்தாலும், பிணைப்பில்லாத நீளம் இரட்டிப்பானால் வளையாமல் நிற்கும் வலிமை நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. பாட்டிமார் தும்மியதற்கே முள்ளெலும்பு நசுங்குவது இதனால்தான்.

இவ்வளவு சொல்லியும் 'கழுக்கோல்' என்பதையே நான் முன்மொழியவில்லை. தோவாளையைத் தாண்டி மாவட்டத்துக்கு வெளியே போனால் அதன் பெயர் கைமரமாகிவிடும். போதாததற்குக் 'கழு' என்றதும் கழுவேற்றம் நினைவுக்கு வரும் தமிழர் நாம். முன்னொட்டை விட்டுக் 'கோல்' என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஊன்றுகோல் அமுக்கத்தைத் தாங்குகிறது, துலாக்கோல் இருபுறமும் தொங்கும் பாரத்தைத் தாங்குகிறது. நிற்பதா கிடப்பதா என்று கோல் கேட்பதில்லை. விழித்திரையின் கோல் செல்களோடு மயங்காதிருக்கத் 'தாங்குகோல்' என்று வைத்தால் அமுக்கத் தாங்குகோல், இழுவைத் தாங்குகோல், குறுக்குத் தாங்குகோல் என்று தடையின்றிக் கிளைக்கிறது. மண்ணீரலிலும் டிரபெகுலா உண்டு என்பதால் 'என்பு' என்பதைச் சொல்லுக்குள்ளேயே புதைத்துவிடக் கூடாது. சில டிரபெகுலாக்கள் பலகை வடிவில் இருக்கின்றனவே என்று கேட்பவர்களுக்கு, லத்தீன் உத்திரத்துக்கும் அந்த இடர்ப்பாடு உண்டு என்பதே என் விடை.

இதையொட்டி ஒன்று. எலும்பின் இந்த உட்பின்னல் பகுதி முழுவதையும் 'பஞ்செலும்பு' என்று அழைப்பதை விட்டுவிடலாம். பஞ்சு என்றதும் மாணவர்கள் அமுக்கிப் பார்க்கிறார்கள், கையில் குத்துகிறது. எலும்பு மொத்த எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே ஆன இப்பகுதி, பாரம் சுமப்பதோடு, தன் கண்ணறைகளில் இரத்த அணுக்களை உண்டாக்கும் செம்மச்சைக்கு (சிவப்பு எலும்பு மஜ்ஜைக்கு) இடம் தருகிறது. இரத்தத்தில் சுண்ணாம்புச்சத்து குறையும்போது இறுகிய ஓட்டைவிட விரைவாகத் தன்னைக் கரைத்துக் கொடுக்கிறது. 'கண்ணறை எலும்பு' என்றால் இந்த மூன்று வேலைகளுக்கும் பொருந்தும். (மச்சையைச் சித்த மருத்துவம் 'மூளை' என்கிறது. அதை மீட்கலாம் என்று ஆசைதான். தேர்வுத்தாளை நினைத்து அடக்கிக்கொள்கிறேன்.)

கொங்கு, தஞ்சைப் பகுதி நண்பர்கள், வளைக்கு உங்கள் ஊர் ஆசாரிகள் சொல்லும் பெயரைக் கேட்டு எழுதுங்கள். 'குறுக்குத் தாங்குகோல்' சற்று நீளம். ஓரசையில் ஏதேனும் கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம்.