அம்மாவோடு மத்தியதரைக் கடல் குரூஸ்: ஜூலையா, மே மாதமா, அக்டோபரா?

நெய்தல்மகள்:

வணக்கம். அம்மாவுக்கு வயது 69. தினமும் பைபிள் வாசிக்காமல் தூங்கப் போகாதவர். பைபிளில் வரும் பழைய நகரமான எபேசுவின் தெருவில் ஒருமுறை நடந்துவிட வேண்டும், யோவான் தரிசனம் கண்ட பத்மு தீவைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ரயில், பேருந்து, ஓட்டல் என்று பெட்டியோடு அலைய அவர் முழங்கால் இடம் கொடுக்காது. அதனால்தான் குரூஸ், அதாவது கப்பல் சுற்றுலா. ஏதென்ஸ் பக்கத்தில் இருக்கும் பிரேயஸ் துறைமுகத்தில் ஏறி குசாதாசி (எபேசு இதன் பக்கத்தில்தான்), பத்மு, ரோட்ஸ், சாந்தோரினி பார்த்துவிட்டு மறுபடி பிரேயஸ். 7 இரவுகள்.

எந்த மாதம் போவது என்பதில்தான் குழப்பம். பயண முகவர் ஜூலை என்கிறார். வானம் பளிச்சென்று இருக்குமாம், மழையே கிடையாதாம். தங்கை மே கடைசி என்கிறாள். எனக்கு அக்டோபர் தொடக்கம் மனதில் ஓடுகிறது. அதை அம்மாவிடம் சொன்னதும் அவர் ஒரே போடாகப் போட்டுவிட்டார்: "பவுலின் கப்பல் உடைந்தது அந்த மாதத்தில்தானே? அப்போஸ்தலர் 27-ஐ எடுத்துப் படி." படித்தேன். ரோமுக்குக் கைதியாகக் கப்பலில் கொண்டுபோகப்படும் பவுல், யூதர்களின் உபவாச நாள் கழிந்துவிட்டது, இனிமேல் கடலில் போவது ஆபத்து என்று எச்சரிக்கிறார். கேட்காமல் கிளம்புகிறார்கள். கணக்குப் பார்த்தால் அது செப்டம்பர் கடைசி, அக்டோபர்தான். அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை.

மகனுக்கு 11 வயது. அவனுக்குக் கடலில் இறங்கிக் குளிக்க வேண்டும், வேறு எதுவும் வேண்டாம். பள்ளியில் ஒரு வாரம் விடுப்பு வாங்கிக்கொள்ளலாம். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மரக்கலம்:

சகோதரி, அக்டோபர் முதல் 10 நாட்கள். இதே வழியில் ஒரு ஜூலையிலும் ஒரு அக்டோபரிலும் போயிருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன். ஜூலையில் எங்களோடு வந்தவர் என் மாமியார். அவருக்கு அப்போது 71.

முகவர் சொன்னதில் பொய் இல்லை. ஜூலையில் கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் நடுவில் இருக்கும் ஏஜியன் கடல் மேல் ஒரு பொட்டு மேகம் இருக்காது. ஆனால் அந்தத் தெளிந்த வானத்தோடு கூடவே ஒரு வடக்குக் காற்றும் வரும். கிரேக்கர்கள் அதை மெல்டெமி என்பார்கள். கோடையில் பால்கன் பக்கம் காற்றழுத்தம் ஏறிக் கிடக்கும், துருக்கியின் நிலப்பரப்பு காய்ந்து அங்கே அழுத்தம் இறங்கிக் கிடக்கும். நடுவில் இருக்கும் கடல், காற்று புகுந்து ஓடும் சந்து மாதிரி ஆகிவிடும். ஜூலை, ஆகஸ்டில்தான் உச்சம். பிடித்தால் நாள்கணக்கில் விடாது. வானத்தைப் பார்த்தால் எந்த அறிகுறியும் தெரியாது என்பதுதான் இதில் ஏமாற்றம்.

எங்களுக்கு மைக்கோனோஸ் தீவு அப்படித்தான் கைவிட்டுப் போனது. காலை உணவுக்குப் போகும் நேரத்தில் கேப்டன் ஒலிபெருக்கியில் பேசினார்: காற்று அதிகம், கரைக்குப் போகும் படகு இறக்க முடியாது, நேராக அடுத்த ஊர். மேல்தளத்தில் வரிசையாக நின்றுகொண்டு, எதிரே தெரிந்த வெள்ளை வீடுகளையும் காற்றாலைகளையும் பார்த்தபடியே விலகிப் போனோம். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

உங்கள் பட்டியலில் சாந்தோரினி, பத்மு இரண்டுமே அந்த ரகம். பெரிய கப்பலைக் கரையில் கட்ட முடியாது. தள்ளி நிற்கும், டெண்டர் எனும் சிறு படகில்தான் கரைக்குப் போக வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி என்று எழுதியிருப்பதால் இதை விவரமாகச் சொல்கிறேன். கப்பலின் பக்கவாட்டில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு மேடை இருக்கும். படகு அதை ஒட்டி நிற்கும், ஆனால் நிலையாக நிற்காது. ஒரு நொடி மேடைக்கு ஒரு சாண் மேலே, அடுத்த நொடி முழங்கால் அளவு கீழே. இரண்டு பணியாளர்கள் இரண்டு பக்கமும் முழங்கையைத் தாங்கிக்கொண்டு, படகு மேலே வரும் நொடிக்குக் காத்திருந்து "இப்போது" என்பார்கள். அந்த ஒரே எட்டில் காலை வைத்துவிட வேண்டும். சாந்தோரினியில் மாமியார் மூன்று முறை காலைத் தூக்கினார், மூன்று முறையும் பின்னுக்கு எடுத்துக்கொண்டார். நான்காவது முறை கண்ணை மூடிக்கொண்டு வைத்தார். படகில் உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்தவர், கரை வரும்வரை விடவில்லை. அக்டோபரில் அதே மேடை, அதே வளைகுடா. தண்ணீர் எண்ணெய் ஊற்றியது போல் கிடந்தது. மெல்டெமி செப்டம்பர் நடுவிலிருந்தே தளர ஆரம்பித்துவிடும்.

அப்புறம் எபேசு. குசாதாசியில் கப்பல் கரையிலேயே கட்டும், அந்தக் கவலை இல்லை. பேருந்தில் 20 கிலோமீட்டர் போல. மேல்வாசலில் இறக்கிவிட்டுக் கீழ்வாசலில் ஏற்றிக்கொள்வார்கள், நடுவில் இறக்கமான பளிங்குத் தெரு. நிழல் என்பதே அபூர்வம். ஜூலையில் காலை 11 மணிக்கு வெயில் மேலிருந்து மட்டும் அடிக்கவில்லை, காலடிப் பளிங்கிலிருந்தும் முகத்தில் அடித்தது. செல்சஸ் நூலகம் வரை மாமியார் எப்படியோ வந்துவிட்டார். அங்கே ஒரு தூணின் நிழலில் உட்கார்ந்தவரை எழுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அதற்கு அடுத்து வருவதுதான் பெரிய அரங்கம், சுமார் 24,000 பேர் உட்காரக்கூடியது. பவுலுக்கு எதிராகத் தட்டான் தெமேத்திரியு கிளப்பிவிட்ட கூட்டம் அந்த ஊர்த் தேவி தியானாள் பேரைச் சொல்லி இரண்டு மணி நேரம் கூச்சல் போட்ட இடம். அதைப் பார்க்கத்தான் அவர் அவ்வளவு தூரம் வந்ததே. அரங்கத்தைக் கடந்து போகும்போது அவர் தலையைக்கூடத் திருப்பவில்லை. பேருந்து எங்கே என்று மட்டும் கேட்டார்.

அம்மா கேட்ட கேள்வி சரியான கேள்வி. ரோமானிய மாலுமிகளின் கணக்கே அதுதான்: செப்டம்பர் 14 தாண்டினால் சந்தேகம், நவம்பர் 11 முதல் மார்ச் 10 வரை கடல் மூடல். ஆனால் பவுல் போனது தானியம் ஏற்றிய பாய்மரக் கப்பல். சூரியனையும் நட்சத்திரத்தையும் பார்த்துத் திசை பிடித்தவர்கள் அவர்கள். பல நாள் இரண்டுமே கண்ணில் படவில்லை என்று அதே அதிகாரத்தில் இருக்கிறது, பாருங்கள். கிரேத்தாவின் (இன்றைய கிரீட் தீவு) தென்கரையிலிருந்து திறந்த கடலுக்குள் அடித்துக்கொண்டு போய் மெலித்தாவில் (இன்றைய மால்டா) உடைந்தது. உங்கள் வழி முழுக்கத் தீவுகளுக்கு நடுவில். இன்றைக்கும் அந்தப் பருவத்தில் புயல் வராமல் இல்லை. 2020 செப்டம்பரில் இயானோஸ் வந்து கெஃபலோனியா, இத்தாக்கா பக்கம் அடித்துத் தள்ளியது. 2023 செப்டம்பரில் டேனியல். ஆனால் முன்கூட்டியே தெரிந்துவிடும், கப்பல் வழி மாற்றிக்கொள்ளும். ஒரு ஊர் விட்டுப் போகலாம், அவ்வளவுதான். அம்மாவிடம் மழுப்பாமல் இப்படியே சொல்லுங்கள்.

மகன் விஷயம் சுலபம். கடல் மெதுவாகச் சூடாகும், மெதுவாக ஆறும். மே கடைசியில் வெயில் இருந்தாலும் தண்ணீர் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், இறங்கினால் பல் கிடுகிடுக்கும். அக்டோபர் தொடக்கத்தில் ரோட்ஸில் 24 வரை இருக்கும், கோடை முழுக்கச் சேர்த்துவைத்த சூடு. அவனைக் கரையேற்றுவதுதான் உங்களுக்கு வேலையாக இருக்கும்.

வெண்தாழை:

மரக்கலம் சொன்னதை மறுக்கவில்லை, ஆனால் உங்கள் தங்கை சொன்ன மே மாதத்துக்காகவும் ஒருவர் பேச வேண்டும். மே மாதத்தில் எபேசு இடிபாடுகளுக்கு நடுவில் சிவப்பு பாப்பி பூத்துக் கிடக்கும். அக்டோபரில் அதே இடத்தில் காய்ந்த புல்தான். பகல் வெளிச்சமும் பெரிய வித்தியாசம். மே கடைசியில் ஏதென்ஸில் சூரியன் மறைய எட்டரை தாண்டிவிடும், அக்டோபர் தொடக்கத்தில் ஏழு மணிக்கே இருட்டிவிடும். மாலை வெகுநேரம் கரையில் இருக்கும் நாட்களில் இது நன்றாகவே தெரியும். குளிக்க ஆசைப்படும் பையன் கூட வரவில்லை என்றால் நான் மே என்றே சொல்லியிருப்பேன்.

அக்டோபர் என்று முடிவெடுத்தால் தயவுசெய்து முதல் 10 நாட்களைத் தாண்டாதீர்கள். நான் போனது அக்டோபர் கடைசி வாரம். முதல் நாள் இரவு மழை. காலையில் எபேசு பளிங்கு, சோப்பு தேய்த்த தரை போல இருந்தது. அப்பா ஊன்றிய கைத்தடி வழுக்கிக்கொண்டு போக, பின்னால் வந்த ஒருவர் தோளைப் பிடித்ததால் விழவில்லை. இரண்டாயிரம் வருடம் கால் பட்டுத் தேய்ந்த கல் அது. அம்மாவுக்கு அடியில் நல்ல ரப்பர் பிடிப்புள்ள செருப்பு வாங்கிக் கொடுங்கள், கைத்தடி நுனிக்கும் புது ரப்பர் போடுங்கள்.

இன்னொன்று, இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக: இந்த அக்டோபர் யோசனை கிழக்குப் பக்கத்துக்குத்தான். பார்சிலோனா, மார்சேய், ஜெனோவா என்று மேற்கே போகிறவர்களுக்கு இலையுதிர்காலம் பெருமழைக் காலம். ஜெனோவாவில் கொட்டினால் நிற்காது. கோர்ஃபு தீவிலும் அப்படித்தான். மேற்கே போக மே கடைசியும் ஜூன் முதல் பாதியும்தான் நல்லது.

திசைகாட்டி:

நான் ஆசிரியர், ஜூலை ஆகஸ்ட் விட்டால் எனக்கு வேறு வழியில்லை. வழி இருப்பவர்கள் அந்த மாதங்களில் போகாதீர்கள். 2023 ஜூலையிலும் 2024 ஜூனிலும் வெப்ப அலை வந்தபோது ஏதென்ஸ் அக்ரோபோலிஸை மதிய நேரத்தில் மூடினார்கள். சிசிலியில் 2021 ஆகஸ்ட் 11 அன்று 48.8 டிகிரி பதிவானது, ஐரோப்பாவிலேயே உச்சம். 70 வயதைத் தொடப் போகிறவரை அந்த வெயிலில் நிறுத்த வேண்டாம்.

சாந்தோரினிக்கும் அக்டோபர் நல்லது. 2025 முதல் கப்பலில் வருகிறவர்கள் நாளுக்கு 8,000 பேர் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள், இருந்தாலும் கோடையில் கேபிள் கார் வரிசை பொறுமையைச் சோதிக்கும். கிரேக்க அரசு வாங்கும் குரூஸ் பயணி கட்டணமும் சாந்தோரினியில் ஜூன் முதல் செப்டம்பர் வரை 20 யூரோ, அக்டோபரில் 12.

விசா எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். குசாதாசி துருக்கியில் இருக்கிறது. அங்கே இறங்கினால் ஷெங்கன் எல்லையை (கிரேக்கம் உட்பட ஐரோப்பிய நாடுகளின் பொது விசா பகுதி) விட்டு வெளியே போய்த் திரும்பி வருவதாகக் கணக்கு. ஒருமுறை நுழையும் விசா போதாது, பலமுறை நுழையும் விசாவாகக் கேட்டு வாங்குங்கள்.

நெய்தல்மகள்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மரக்கலம் எழுதிய பவுல் பகுதியை அம்மாவுக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, அவர்களுக்குப் பல நாள் சூரியன் தெரியவில்லை, நமக்குத் தெரியும்" என்றார். அக்டோபர் 2 கிளம்புவது என்று முடிவு.

இரண்டு கேள்விகள். கப்பலில் எந்தப் பக்கம் அறை எடுப்பது? பத்முவில் காற்று அடித்துப் படகு இறக்காமல் போனால் அம்மா உடைந்துபோவார், அதற்கு ஏதாவது வழி உண்டா?

மரக்கலம்:

அறை கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் ஒன்றில் எடுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. முனையில் இருக்கும் அறைகளிலும் உச்சித்தளத்திலும் ஆட்டம் அதிகம். லிஃப்டுக்குப் பக்கத்தில் கிடைத்தால் அம்மாவுக்கு நடை மிச்சம்.

பத்முவுக்கு உறுதி யாரும் தர முடியாது. ஆனால் சில வழித்தடங்களில் அங்கே சில மணி நேரம்தான் நிற்பார்கள், சிலவற்றில் முழு நாள். முழு நாள் நிற்கும் கப்பலாகப் பார்த்து எடுங்கள். காலையில் காற்று இருந்தாலும் பிற்பகலில் படகு இறக்க ஒரு வாய்ப்பு இருக்கும். ஸ்காலா துறையில் இறங்கியதும் டாக்சி பிடியுங்கள். யோவான் தரிசனம் கண்டதாகச் சொல்லும் குகை, மலைமேல் இருக்கும் மடத்துக்குப் போகும் பாதி வழியில் இருக்கிறது. குகைக்குள் போக படிகளில் இறங்க வேண்டும், திரும்பி ஏறவும் வேண்டும். அம்மாவை அவசரப்படுத்தாதீர்கள், கூட்டம் போகட்டும்.

முன்பு ஒன்றை எழுத விட்டுவிட்டேன். அந்த அக்டோபர் பயணத்துக்கும் மாமியாரைத்தான் அழைத்துப் போனோம், இரண்டு வருடம் கழித்து, 73 வயதில். அவர் வர மாட்டேன் என்றார், என் மனைவி விடவில்லை. கப்பலிலிருந்து கிளம்பும் முதல் பேருந்தில் போனோம். அரங்கத்துக்கு வந்தபோது இன்னும் இளவெயில்தான். கல் வரிசையில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து புதிய ஏற்பாட்டை எடுத்து, அந்தக் கூச்சல் சம்பவம் வரும் அப்போஸ்தலர் 19-ஐ எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். முடிக்கும்வரை யாரும் அவரை எழுப்பவில்லை.

நீங்களும் முதல் பேருந்துக்கே பதிவு செய்யுங்கள், கப்பலில் ஏறிய அன்றே. அந்த இருக்கைகள்தான் முதலில் தீரும்.